நகரும் கண்ணும் நிற்க வேண்டிய உலகமும்: மில்லிமீட்டர் அலை ரேடாரின் படிமத்தை முன்வைத்து

கறுப்புப் பின்னணி. அதன்மேல் 'ட' என்ற எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாற்போல மடங்கிய வெளிச்சக் கோடுகள், வரிசையாக. ஓரத்தில் நீளமாக ஒரு மங்கல் கோடு. இரண்டு 'ட'க்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம். ஓடும் காரின் பக்கவாட்டில் பொருத்திய ரேடார் ஒன்று, சாலையோரம் நிறுத்தப்பட்ட கார்களைக் கேட்டு எழுதிய படம் இப்படித்தான் இருக்கும். 'ட' ஒவ்வொன்றும் ஒரு காரின் இரண்டு பக்கங்கள். மங்கல் கோடு நடைபாதையின் விளிம்புக் கல். வெற்றிடம்தான் இதை உண்டாக்கியவர்களுக்கு இந்தப் படத்தின் முழு அர்த்தம்: அங்கே இன்னொரு காரை நிறுத்தலாம்.

கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களாக ஜெர்மனி, இத்தாலிப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் கார் கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் இப்படியான படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மிலான் பொலிடெக்னிக்கின் ஆய்வாளர்கள் இதில் நிறையச் செய்திருக்கிறார்கள். பொறியாளர்கள் இவற்றைத் தயக்கமே இல்லாமல் 'படம்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரே ஒரு வேலைதான். ஒரு கதையை எடுத்தால் கதைசொல்லி எங்கே நிற்கிறான், எதை முன்கூட்டியே உண்மை என்று வைத்துக்கொண்டு பேசுகிறான், அவன் பேச்சில் யாருக்கு உருவம் கிடைக்கிறது, யார் வெறும் இரைச்சலாகப் போகிறார்கள் என்றெல்லாம் கேட்பது நமக்குப் பழக்கம். இந்தக் கேள்விகளுக்கு இந்தப் படத்தில் பதில் இருக்கிறது. கதையில் கிடைப்பதைவிடக் கறாராக, எண்களில் இருக்கிறது.

எண்களுக்கு வருவோம். ரேடார் தூரத்தைச் சொல்வதில் கெட்டி, திசையைச் சொல்வதில் மந்தம். அனுப்பிய அலை பட்டுத் திரும்ப ஆகும் நேரத்திலிருந்து தூரம் தெரிந்துவிடுகிறது. கார் ரேடார்களுக்கான 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 4 கிகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பயன்படுத்தினால், தூரத்தில் 4 சென்டிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தைப் பிரித்துவிடலாம். ஆனால் இடமா வலமா என்ற கேள்விக்கு அலைவாங்கியின் அகலம்தான் பதில் சொல்ல வேண்டும். காரின் பம்பருக்குள் ஒளித்துவைக்கும் ரேடாரோ உள்ளங்கையளவு. எட்டு அலைவாங்கிகள் அடுக்கிய சாதாரண ரேடாருக்குச் சுமார் 14 பாகைக்குள் இருப்பதெல்லாம் ஒன்றுதான். அதாவது 20 மீட்டர் தள்ளி, நாலு மீட்டர் இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு பேர் அதற்கு ஒரே ஆள்.

இங்கேதான் தந்திரம் வருகிறது. அலைவாங்கியைப் பெரிதாக்க இடமில்லை. ஆனால் கார்தான் ஓடுகிறதே! மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் 1 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. அந்த 1 மீட்டர் வழியில் அடுத்தடுத்துக் கேட்ட எதிரொலிகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, 1 மீட்டர் அகலமான அலைவாங்கி ஒன்று ஒரே நேரத்தில் கேட்டதாகப் பாவித்துக் கூட்டினால்? சுமார் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்த அலைக்கு, அதே 20 மீட்டர் தூரத்தில், 4 சென்டிமீட்டர் வரை பிரித்துக் காட்டும் கூர்மை வந்துவிடுகிறது. ஐந்து மீட்டர் மூட்டம் எங்கே, இது எங்கே! இதற்கு சிந்தெடிக் அபர்ச்சர் ரேடார் என்று பெயர். கேமராக்காரர்கள் சொல்கிற அபர்ச்சர், அந்த வாய், இங்கே பொருளாக இல்லை. ஓட்டத்தால் கூட்டிச் செய்யப்பட்டது. சுருக்கமாக 'சார்' என்கிறார்கள். (நம்மூரில் 'சார்' என்பது வேறு வகை அதிகாரம், அது கிடக்கட்டும்.)

பார்வையற்ற நால்வர் யானையைத் தடவிப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். நால்வருக்குப் பதில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இவர் காலைத் தொட்ட மாத்திரத்தில் தூண் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. தொட்டதையும், தொட்டபோது தான் நின்ற இடத்தையும் மனசில் குறித்துக்கொண்டு ஒரு அடி நகர்கிறார். மறுபடி தொடுகிறார், குறிக்கிறார், நகர்கிறார். சுற்றி முடித்ததும் எல்லாக் குறிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, இது யானை என்கிறார். பிரமாதம். ஒரே நிபந்தனை: அவர் சுற்றிவந்து முடிக்கும்வரை யானை அசையக் கூடாது.

இந்தக் கட்டுரை அந்த நிபந்தனையைப் பற்றியது.

*

நம்மவர்கள் இந்த மாதிரி விஷயத்தைக் கையில் எடுத்தால் இரண்டு பாதைகள் தயாராக இருக்கும். முதல் பாதை, இது யுத்தத்தின் குழந்தை என்பது. உண்மைதான். 1951இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரையொட்டிய லிட்ச்ஃபீல்ட் பார்க்கில், குட்இயர் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த கார்ல் வைலி என்பவர்தான் இந்த யோசனையை முதலில் முன்வைத்தார். 1954இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1965இல்தான் வழங்கப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதை ராணுவத்துக்காக வளர்த்தார்கள். அங்கே ரேடார் பதிவை ஒளியைக்கொண்டு படமாக்கும் வேலையிலிருந்த எம்மெட் லீத் அதன் வழியாகத்தான் ஹோலோகிராஃபிக்குப் போய்ச் சேர்ந்தார். 1964 டிசம்பரில் 'குவில்' என்ற உளவுச் செயற்கைக்கோள் இந்த முறையில் பூமியைப் பார்த்தது; அது பார்த்ததே 2012 வரை ரகசியமாக இருந்தது. பிறகு 1978இல் கடலைப் பார்க்க சீசாட் போனது. சுமார் 100 நாள் வேலைசெய்துவிட்டு நின்றுபோனது. 1990களின் முற்பகுதியில் மெஜல்லன் விண்கலம், கண்ணுக்கு ஒருபோதும் விலகாத மேகத்துக்குள் கிடக்கும் வெள்ளிக் கிரகத்தின் தரையை வரைந்தது. பால் விரிலியோ 1984இல் போரையும் சினிமாவையும் சேர்த்து எழுதியபோதும், 1988இல் பார்வை இயந்திரம் பற்றி எழுதியபோதும் இந்த வம்சாவளியைத்தான் மனசில் வைத்திருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் வம்சாவளியைச் சொல்லிவிட்டால் விமர்சனம் முடிந்துவிட்டது என்று நினைப்பது சோம்பேறித்தனம். உளவு பார்க்கப் பிறந்தது இன்று கார் நிறுத்த இடம் தேடுகிறது என்று கிண்டல் பண்ணலாம், பண்ணிவிட்டுப் போகலாம். வம்சாவளி என்று பார்த்தால் இன்னொரு கிளையும் இருக்கிறது. 1890களில் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் நீள அலைகளை உண்டாக்கிப் பரிசோதனைகள் செய்துகொண்டிருந்தார். அலையின் அதிர்வுத் தளத்தை வடிகட்டிப் பார்க்க அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, பக்கங்களுக்கிடையே ஈயத்தாள் செருகிய ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். இன்னொன்று முறுக்கிய சணல். இன்றைய கார் ரேடார் இதே அலைக்குடும்பத்தில்தான் வேலைசெய்கிறது. ராணுவமும் இல்லை, கம்பெனியும் இல்லை; புத்தகமும் சணலும். ஒரு கருவியின் பிறப்பு அதன் அரசியலைத் தீர்மானித்துவிடுகிறது என்றால் எந்தப் பிறப்பை எடுத்துக்கொள்வது?

இரண்டாவது பாதை, கண்காணிப்பு. பெந்தாமின் சிறைச்சாலை வரைபடத்தை வைத்து ஃபூக்கோ 1975இல் எழுதியதை, கேமரா என்றாலே, கருவி என்றாலே எடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. இங்கே அது ஒட்டாது. அந்தச் சிறையில் ஒவ்வொரு அறையிலும் ஒரு தனி ஆள் இருக்கிறான். வெளிச்சம் அவனைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. தான் பார்க்கப்படுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும். மில்லிமீட்டர் ரேடாரின் படத்தில் முகம் கிடையாது. தெருவில் நடப்பவருக்குத் தன்மேல் அலை படுவதே தெரியாது. அந்தரங்கத்தைக் காக்கும் கருவி என்று இதையே விற்பனைக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். மிகையாகப் பார்க்கப்படுவதற்கு எதிராக எழுதப் பழகிய நமக்கு, பார்வையின் கணக்கிலேயே வராமல் போவதைப் பற்றிப் பேசச் சொற்கள் குறைவாக இருக்கின்றன.

*

1838இல் பாரிஸின் ஒரு பெருந்தெருவை தாகேர் தன் அறை ஜன்னலிலிருந்து படம்பிடித்தார். நடமாட்டம் மிகுந்த தெரு. படத்தில் தெரு காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலத் தகட்டில் வெளிச்சம் பதியச் சில நிமிஷங்கள் பிடித்தன. அத்தனை நேரம் ஒரே இடத்தில் நின்றவை மட்டும் பதிந்தன. கட்டடங்கள் பதிந்தன, மரங்கள் பதிந்தன. வண்டிகளும் குதிரைகளும் ஜனங்களும் பதியவில்லை. கீழே ஓரத்தில் ஒரே ஒரு மனிதர் தெரிகிறார்: காலைத் தூக்கி வைத்துப் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருப்பவர். அசையாமல் நின்றதால் தப்பினார். அவருக்கு முன்னால் குனிந்து பாலீஷ் போடுகிறவர் ஒரு கலங்கலாக இருக்கிறார். கை ஓடிக்கொண்டே இருந்ததல்லவா. காசு கொடுக்கிறவர் துல்லியம், வேலை செய்கிறவர் கலங்கல். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. தகட்டின் மந்தம் செய்த வர்க்கப் பிரிவினை.

சிந்தெடிக் அபர்ச்சர் ரேடாருக்கு வேண்டிய நேரம் நிமிஷங்கள் இல்லை, நொடியின் ஒரு பங்கு. ஆனால் தாகேரின் தகடு செய்யாத ஒன்றை இது செய்கிறது. தகடு நகர்ந்தவர்களை விட்டுவிட்டது. ரேடார் அவர்களை இடம்மாற்றி வைக்கிறது. ரேடாருக்குத் திசை எப்படித் தெரிகிறது என்று மேலே பார்த்தோம்: தான் நகர நகர எதிரொலி எப்படி மாறுகிறது என்பதிலிருந்து. நின்றுகொண்டிருக்கும் ஒரு கல்லின் எதிரொலி மாறுவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், என் ஓட்டம். எனவே மாற்றத்தின் அளவு கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடும். நடந்துகொண்டிருக்கும் மனிதரின் எதிரொலி மாறுவதற்கு இரண்டு காரணங்கள்: என் ஓட்டம், அவர் நடை. ரேடாரின் கணக்கில் இரண்டாவது காரணத்துக்கு இடமில்லை. அவர் நடையையும் தன் ஓட்டத்தின் விளைவாகவே படித்து, அதற்கேற்ற வேறொரு இடத்தில் அவரை வைத்துவிடுகிறது. நொடிக்கு 10 மீட்டர் ஓடும் காரை நோக்கி, 20 மீட்டர் தள்ளி, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஒருவர் நடந்துவந்தால் படத்தில் அவர் 2 மீட்டர் தள்ளி இருப்பார். செயற்கைக்கோள் படங்களில் இது இன்னும் வேடிக்கை: ஓடும் ரயில் தண்டவாளத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, வயல்மேல் ஓடும். கப்பல் ஒரு பக்கம், அது கிழித்த நீர்த்தடம் இன்னொரு பக்கம்.

ரோலான் பார்த் 1980இல் புகைப்படம் பற்றி எழுதிய கடைசிப் புத்தகத்தில் எல்லாவற்றையும் ஒரே உறுதியின்மேல் கட்டினார்: படத்தில் இருப்பது ஒருகாலத்தில் கேமராவுக்கு முன்னால் இருந்தே தீர வேண்டும். இந்த ரேடார் படத்தில் நடப்பவருக்கு அந்த உறுதி செல்லாது. அவர் இருக்கிறார், ஆனால் ஒருபோதும் இருந்திராத இடத்தில் இருக்கிறார். அதுவும் ஒரே புள்ளியாக இல்லை. கை ஒரு வேகத்தில் வீசுகிறது, கால் ஒரு வேகத்தில் போகிறது, உடம்பு ஒரு வேகத்தில் நகர்கிறது; ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் இழுபட்டு மங்கலாகப் படிகிறது.

*

மங்கலைப் பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகச் சுவாரஸ்யமான பகுதி. இந்தக் கணக்குச் சரியாக வர, கார் தான் போன பாதையை அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விமானத்துக்காவது காற்று, இதற்கோ குண்டும் குழியுமான தரை, டயரின் நெளிவு, ஸ்பிரிங்கின் குலுக்கல். எந்தச் சக்கரக் கணக்கும் செயற்கைக்கோள் இடங்காட்டியும் அந்தத் துல்லியத்தைத் தராது. அதனால் படத்தையே வைத்துப் பாதையைத் திருத்துகிறார்கள். பாதையைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றிப் பார்ப்பது; எந்தப் பாதையை வைத்தால் படம் மிகக் கூர்மையாக, வெளிச்சமும் இருளும் நன்றாகப் பிரிந்து வருகிறதோ, அதுவே கார் உண்மையில் போன பாதை என்று முடிவுசெய்வது. ஆட்டோஃபோகஸ் என்கிறார்கள்.

இந்த வாக்கியத்தை இலக்கிய வாசகர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கூர்மையாக இருப்பது உண்மை. கலங்கலாக இருப்பது பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டு யதார்த்தவாதத்தின் அழகியல் இது, கணிதமாக எழுதப்பட்டது! தெளிவான சித்திரம் கிடைத்துவிட்டால் கதைசொல்லியின் நிலைப்பாடு நியாயமாகிவிடுகிறது; அவனுடைய குலுக்கல்கள் எல்லாம் திருத்தப்பட்டுவிடுகின்றன. சித்திரத்துக்குள் அடங்காமல் தன்பாட்டுக்கு நடந்துபோனவர் காணப்படாமல் போகிறார் என்பது பாதிதான். அவருடைய நடை, கதைசொல்லியின் கணக்கில் விழுந்த பிசகாக, சரிசெய்ய வேண்டிய கறையாக வாசிக்கப்படுகிறது என்பது மீதி.

எதைப் பிடித்துக்கொண்டு கூர்மையை அளக்கிறார்கள்? பளிச்சென்று தெரிகிற, அசையாத புள்ளிகளை. அதாவது உலோகத்தை. தொல்காப்பியம் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று பிரித்தது, மனிதர்கள் மேலே. ரேடாரிடமும் திணைப் பாகுபாடு உண்டு, தலைகீழாக. ஒரு பொருள் எவ்வளவு அலையைத் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சதுர மீட்டரில் சொல்வார்கள். முழு மனிதர் ஒருவருக்கு இந்தக் கணக்கில் 1 சதுர மீட்டர், அல்லது அதற்கும் கீழே. பெட்டியின் மூலையைப் போல மூன்று தகடுகளைச் செங்கோணமாகச் சேர்த்துச் செய்த, பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள உலோக மூலை ஒன்றுக்கு 77 கிகாஹெர்ட்ஸில் சுமார் 27 சதுர மீட்டர். கையில் அடங்கும் தகரத் துண்டு, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆளைவிட இருபத்தேழு மடங்கு பெரியது. இது யாருடைய துவேஷமும் இல்லை, தோலும் துணியும் தகரமும் அலையோடு நடந்துகொள்ளும் விதம். ஆனால் இயற்கை தந்த இந்த வரிசையை அப்படியே எடுத்து அதன்மேல் ஒரு பார்வையைக் கட்டுவது மனிதர்கள் எடுத்த முடிவு.

இன்னும் ஒரு முடிவைப் பார்க்கலாம். 1990களின் இறுதியில் விலையுயர்ந்த மெர்சிடிஸ் கார்களில் வந்து, பிறகு எல்லா வகைக் கார்களுக்கும் பரவிய ரேடார், முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி காக்கும் ரேடார், இதற்கு நேர் எதிரான நிபந்தனையோடு வேலைசெய்தது. அதற்கு ஓடுகிறவை மட்டுமே பொருள். நிற்கிறவற்றை அது வேண்டுமென்றே தள்ளிவிடும். காரணம் நியாயமானது: மேம்பாலம், வழிகாட்டிப் பலகை, சாக்கடை மூடி எல்லாமே எதிரொலி தரும், ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி நகராது. ஆகவே நடுவழியில் நின்றுபோன வண்டியைக் கவனிக்காமல் போகலாம் என்று காரோடு தரும் கையேட்டிலேயே எச்சரிக்கை எழுதினார்கள். ஒரே அலை, ஒரே சில்லு, ஒரே பம்பர். ஒரு வாசிப்பில் நிற்பவை இல்லை; இன்னொரு வாசிப்பில் நடப்பவை இல்லை. பிரதி ஒன்று, வாசிப்பு பல என்று நாம் மேடைகளில் சொல்லி ஓய்ந்த விஷயத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. வாசிப்பு எதுவானாலும் சரிதான் என்று அதைத் தளர்வாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களுக்கும் இங்கே பதில் இருக்கிறது. தப்பான வாசிப்பில் ஆள் செத்துப்போகலாம்.

செத்தும்போனார். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் (வைலி யோசித்த லிட்ச்ஃபீல்ட் பார்க் இருக்கும் அதே ஃபீனிக்ஸ் வட்டாரம்), ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண் ஒருவரை மோதிக் கொன்றது. உள்ளே மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த ஓட்டுநரின் கண் செல்போனில் இருந்தது. அந்தக் காரில் சிந்தெடிக் அபர்ச்சர் ரேடார் இல்லை; சாதாரண ரேடாரும் லேசர் கருவியும் கேமராக்களும் இருந்தன. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சம்பவத்தை இங்கே எடுப்பதற்குக் காரணம், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் வெளியிட்ட விசாரணை முடிவு. மோதலுக்கு 5.6 நொடி முன்னாலேயே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. வண்டி என்று வகைப்படுத்தப்பட்டார். பிறகு 'மற்றவை'. பிறகு மறுபடி வண்டி. பிறகு சைக்கிள். வகை மாறிய ஒவ்வொரு தடவையும் அதுவரை அவர் நகர்ந்துவந்த தடத்தைக் கணினி கணக்கில் எடுக்காமல் விட்டது. பல நொடிகளாகச் சாலையின் குறுக்கே நடந்துவந்த ஒருவர், பெயர் மாறும்போதெல்லாம் அந்த இடத்தில் அப்போதுதான் முளைத்தவரானார். கடக்கும் இடமல்லாத இடத்தில் ஒரு பாதசாரி கடக்கலாம் என்ற சாத்தியமே அந்த மென்பொருளின் வடிவமைப்பில் இல்லை.

விஷயம் கருவியின் கண்ணில் இல்லை என்பது இங்கே அம்மணமாகத் தெரிகிறது. 5.6 நொடி என்பது, மேலே சொன்ன படம்பிடிப்புக்கு வேண்டிய நேரத்தைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். கண்டது; ஆனால் கண்டவரின் கடந்தகாலத்தைக் கூட்டிச் சேர்க்க மறுத்தது. சிந்தெடிக் அபர்ச்சர் ரேடாரிடம் நினைவு இருக்கிறது, ஆனால் அது தன் ஓட்டத்தின் நினைவு மட்டும். டெம்பியில் ஓடிய காரிடம் எதிராளியின் தடம் இருந்தது; வகைப்பாடு அதைத் தட்டிவிட்டது. எதிராளியின் ஓட்டத்தையும் என் ஓட்டத்தையும் ஒரே கணக்கில் வைக்க இரண்டுமே தயாரில்லை.

பொறியாளர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மடையர்கள் இல்லை. நகரும் இலக்குகளைத் தனியே பிரித்தெடுத்துச் சரியான இடத்தில் மறுபடி வைப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. நடையில் கைகால் வீச்சு விட்டுச்செல்லும் சின்னச் சின்ன வேக மாற்றங்களை வைத்து இது மனிதர், இது நாய் என்று பிரிக்கவும் முயல்கிறார்கள். மூடுபனியிலும் புழுதியிலும் கேமரா கையை விரிக்கும்போது இந்த அலைதான் காப்பாற்றும். என் வழக்கு வரிசையைப் பற்றியது. முதலில் நிற்கும் உலகம், அதற்குப் 'படம்' என்று பெயர். அப்புறம் நகர்பவர்கள், அவர்களுக்கு 'இலக்கு' என்று பெயர். படம் முடிந்த பிறகு அதன்மேல் ஒட்டப்படுகிறவர்கள். தன் ஒரு தொடர் படைப்பில், 2001க்கும் 2003க்கும் இடையில், ஹாருன் ஃபரோக்கி இந்த வகைப் படங்களை யாரும் பார்ப்பதற்காக இல்லாமல் ஒரு காரியத்தின் உறுப்பாக இயங்கும் படங்கள் என்று அடையாளம் காட்டினார். அது சரி. ஆனால் காரியத்துக்கான படமும் யாரை எழுவாயாக்குவது என்ற முடிவை எடுத்துவிட்டுத்தான் காரியத்தில் இறங்குகிறது.

இதைப் படிக்கிற நம்மில் பலர் களத்துக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள். வேனில் போகிறோம், இரண்டு நாள் தங்குகிறோம், ஒவ்வொரு தெருவிலும் கேட்டதைக் குறித்துக்கொள்கிறோம், திரும்பிவந்து ஒன்றாகக் கூட்டி அறிக்கை எழுதுகிறோம். அந்த அறிக்கைகளின் வினைமுற்றுகளைப் பாருங்கள். 'இம்மக்கள் வாழ்ந்து வருகின்றனர்', 'இவர்களிடையே இப்பழக்கம் காணப்படுகிறது'. போனவர்கள் நாம், நகர்ந்தவர்கள் நாம், சம்பவங்கள் நடந்தது நமக்கு. அவர்களுக்குக் காலமற்ற ஒரு நிகழ்காலம். நாம் இரண்டாவது தெருவில் பேசிக்கொண்டிருக்கும்போது முதல் தெருக்காரர் தன் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கலாம், ராத்திரி பஸ் ஏறி வேலைக்குப் போயிருக்கலாம், நம்மைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். முன்னுக்குப்பின் முரணான அவருடைய வாக்குமூலத்தைத் 'தெளிவில்லை' என்று ஒதுக்கிவிட்டுத்தான் நம் அறிக்கை தெளிவாகிறது. ஆட்டோஃபோகஸ்.

*

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. நகர்வதால் கிடைக்கும் இந்தக் கூர்மை பக்கவாட்டில்தான் அதிகம். கார் நேர்முன்னால் பார்த்தால் அதன் ஓட்டம் அதற்கு உதவுவதில்லை. எதிரே இருக்கும் பொருளை நோக்கி நேராகப் போகும்போது பார்க்கும் கோணம் மாறுவதே இல்லை. சற்று இடதுபுறம் இருப்பதும் சற்று வலதுபுறம் இருப்பதும் ஒரே மாதிரி எதிரொலியைத் தருகின்றன, ஓட்டத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நிறுத்தி வைத்த கார்களும் விளிம்புக் கல்லும் சென்டிமீட்டர் கணக்கில் தெரியும். தான் போகிற திசையில் மூட்டம். சாலையைக் குறுக்கே கடக்கிறவர் அந்தத் திசையில்தான் வருகிறார், அதுவும் நடந்து வருகிறார். கணக்கின் இரண்டு பலவீனங்களும் அவர்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

இதற்குப் பொறியாளர்கள் கண்டிருக்கும் வழி எளிமையானது, விலை கூடியது. முன்பக்கத்துக்கு ஓட்டத்தை மட்டும் நம்பாமல், அலைவாங்கிகளின் எண்ணிக்கையையே கூட்டுவது. நான்கு சில்லுகளை ஒன்றாக இணைத்து, 12 அனுப்பிகள், 16 வாங்கிகள் வைத்தால் 192 இணைகள் கிடைக்கின்றன. ஒன்று நகர்ந்து நகர்ந்து நேரத்தில் சேர்த்ததை, இவை கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து கேட்கின்றன. எதிரில் இருப்பது அசைந்தாலும் பெரிய பாதகமில்லை. யானைக்கு முன்னால் மறுபடியும் நால்வரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இந்தத் தடவை நான்கு பேரும் ஒரே சமயத்தில் தொட வேண்டும், தொட்டதை உடனே ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். நான்கு சில்லுகளும் ஒரே கடிகாரத்தில் ஓடவைப்பதுதான் அதில் பெரிய சிக்கல்.